குறை சொல்லாத தவக்காலம்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் முதல் பஸ்ஸில் என் மகள் முன் சீட்டுக் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு வருவாள். தூங்குகிறாள் என்று நினைத்துக்கொள்வேன். விடிவதற்குள் எழுந்து கிளம்புகிற பிள்ளை, வேறென்ன செய்யும்? கம்பி இடிக்காமல் இருக்க என் கைக்குட்டையை மடித்து வைப்பேன். "வேணாம்மா" என்பாள். விக்கிரவாண்டி தாண்டியும் அப்படியே குனிந்திருப்பாள். இன்றைக்கும் அந்த வழியில் பஸ்ஸில் எந்தப் பிள்ளையாவது அப்படிக் குனிந்து உட்கார்ந்திருந்தால், தோளைத் தொட்டு எழுப்பிக் கேட்டுவிடலாமா என்று கை நீள்கிறது. ஒருமுறை கேட்டேவிட்டேன். அந்தப் பெண் காதிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, "இன்னா ஆன்ட்டி, எறங்கணுமா?" என்றாள்.

விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம், தொண்ணூற்று மூன்றில், பிறந்தவள் அவள். விழுப்புரத்தில் எங்கள் அலுவலகப் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டிருந்தபோது நான் பிரசவ விடுப்பில் இருந்தேன். வீடு திண்டிவனத்தில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில். என் கணவர் உள்ளூர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். ஒரே பிள்ளை. ஒன்பதாம் வகுப்பில் திடீரென்று வளர ஆரம்பித்தாள். கிறிஸ்துமஸுக்குத் தைத்த சுடிதார் ஈஸ்டருக்குள் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. "இதுக்கு மேல வளந்தா மாப்ள கெடைக்க மாட்டான்" என்று தெருவில் கேலி பேசினார்கள். வாலிபால்காரர்கள் மட்டும்தான் அந்த உயரத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள்.

விழுப்புரத்தில் பழைய ஆட்டக்காரர்கள் சிலரும் கடைக்காரர்கள் சிலரும் சேர்ந்து ஒரு பெண்கள் அணியை நடத்திவந்தார்கள். அதில் ஆடுவதற்காகவே பிளஸ் ஒன்னுக்கு அவளை விழுப்புரத்தில் சேர்த்தோம். நான் தினமும் வேலைக்கு அங்கேதானே போகிறேன் என்பது ஒரு தைரியம். அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் நாளில் நின்று ஆடி, அதில் பெயர் வாங்கிவிட வேண்டும். சாப்பிடும்போதும் அதே பேச்சு. குளித்துவிட்டு வரும்போது வாசற்படி நிலையைத் தாவித் தொட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். நிலையின் மேல்கட்டையில் அவள் விரல் பட்டுப் பட்டு ஓரிடம் மட்டும் பெயின்ட் மங்கியிருக்கும்.

அணிக்கு முதலில் இருந்த மாஸ்டர் வயதானவர். அவரிடம் எல்லாருக்கும் ஒரே ஓட்டம், ஒரே தண்டால், ஒரே திட்டு. அவர் ஓய்வெடுத்துக்கொண்டதும் ஓர் இளைஞர் கோச்சாக வந்தார். ஒல்லியானவர். சட்டைப் பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். வந்த முதல் வாரம் பந்தையே தொடவிடவில்லை என்று பிள்ளைகள் புலம்பினார்கள். ஒவ்வொருத்தியையும் சுவரோரம் நிற்கவைத்துத் தாவச் சொன்னாராம். குந்தி எழச் சொன்னாராம். வீட்டிலிருந்து எப்படி வருகிறாய், எவ்வளவு தூரம் நடக்கிறாய், இரவில் எப்போது படுக்கிறாய் என்று கேட்டாராம். அனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம், "தண்ணிக் கொடம் எந்த இடுப்புல வெப்ப?" என்று கேட்டிருக்கிறார். அவள் இடது பக்கம் காட்டினாள். அந்தப் பக்கம்தான் அவளுக்கு இடுப்பு திரும்பவில்லை. குடத்தை மாற்றி வலது இடுப்பில் வை, அதுவே உனக்கு முதல் பயிற்சி என்றார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லி என் மகள் சிரித்தாள். "எனக்குக் கொடமே இல்லம்மா, நா என்னாத்த மாத்தறது?"

மைதானத்துக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதில் சில இரும்புக் கம்பிகள், கம்பியின் இரு முனையிலும் மாட்டுகிற வட்டுகள், ஒரு பழைய பெஞ்சு. அந்தக் கொட்டகைச் சுவரில் சாக்பீஸால் கட்டம் போட்டு, ஒவ்வொரு பெண்ணுக்கும் தனியாக, அவள் என்ன தூக்க வேண்டும், எவ்வளவு என்று எழுதிவைத்தார். எல்லாரும் பார்க்கிற இடத்தில் எழுதியதுதான் வம்பானது. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூப்பிட வந்த பெற்றோர்கள் சுவரைப் படித்துவிட்டார்கள்.

கண்டாச்சிபுரம் பக்கத்திலிருந்து வருகிற ஒரு பெண்ணின் அம்மா முதலில் ஆரம்பித்தார். சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டுப் பாடுபடுகிறவர், கணீரென்ற குரல்.

"இன்னா சார் இது? எல்லா பொண்ணுக்கும் வட்டு மாட்டிக்கினு, என் பொண்ணுக்கு மட்டும் வெறுங்கம்பி குடுத்துக்கினு கீறீங்க?"

"அந்தக் கம்பியே வெயிட்டுதான்மா..."

"வெறுங்கம்பி தூக்கறதுக்கா நா இவள விடிகாலைல பஸ்ஸு ஏத்தி அனுப்பறேன்? மல்லாட்ட மூட்டைய தலைல வெச்சிக்கினு வரப்புல நடக்கறவ சார். தோ, அந்தக் குட்டப் பொண்ணுக்கு அவ்ளோ எழுதிக் கீறீங்க. பந்தியில ஒக்காந்தா எல்லா எலைக்கும் ஒரே மாரி வெக்க வேணாமா? இன்னா நாயம் இது?"

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். பந்தி என்ற சொல் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. கோச் அந்த அம்மாவின் பெண்ணைக் கூப்பிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கச் சொன்னார். கைகள் காதைத் தாண்டிப் பின்னால் போகவில்லை. "மூட்ட தூக்கித் தூக்கி இவளுக்குக் கழுத்தும் தோளும் இறுகிப் போச்சும்மா. மொதல்ல கை மேல போவணும். அப்புறம்தான் வட்டு" என்றார். அந்த அம்மா அசையவில்லை. கோச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் மூக்குக் கண்ணாடியைக் காட்டினார்.

"இந்த அக்கா போட்டுக்கினு இருக்கற கண்ணாடி அவங்க கண்ணுக்கு. அத நீங்க போட்டுக்க முடியுமா? அந்த மாதிரிதான் இதுவும்."

"குடும்மா இப்டி" என்று அந்த அம்மா என் மூக்கிலிருந்தே கழற்றி மாட்டிக்கொண்டார். மைதானத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "நல்லாத்தான் தெரியுது. உங்க மூஞ்சிகூடக் கொஞ்சம் பெருசாத் தெரியுது சார்."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். கோச்சும் சிரித்தார். "ஒரு மாசம் குடுங்கம்மா. அதுக்குள்ள அவ கை மேல போவலன்னா நானே வட்டு மாட்டறேன்" என்று சமாதானம் பேசினார். அந்தச் சண்டைக்குப் பிறகுதான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. அவ்வளவு பேர் கத்தியும் சுவரில் இருந்த எழுத்தை அவர் அழிக்கவில்லை.

என் மகளின் கட்டத்தில் என்ன எழுதியிருந்தது என்று தனியாகக் கேட்டேன். தோளில் கம்பியை வைத்துக் குந்தி எழுவது அவளுக்கு மெதுவாகத்தான் ஏறும் என்றார். "எலும்பு வளந்துடுச்சி அக்கா, சதை இன்னும் வந்து சேரல. முதுகு நீளம். வலி இல்லேன்னா மட்டும் வாராவாரம் கொஞ்சம் ஏத்துவேன். வலின்னா அன்னிக்கே எறக்கிடுவேன்." அதற்காகத்தான் தினமும் காலையில் வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்வி கேட்பார். எங்கே வலிக்கிறது?

"வலிக்குதான்னு கேட்டா நம்ம ஊரு பொண்ணுங்க ஒருத்தியும் ஆமான்னு சொல்ல மாட்டா அக்கா. எங்க வலிக்குதுன்னு கேட்டாத்தான் ஒரு எடத்தயாவது காட்டுவாங்க."

கண்டாச்சிபுரத்துப் பெண் காட்டாத இடம் கிடையாது. முழங்கால், மணிக்கட்டு, கட்டைவிரல். ஒருநாள் "முடி வலிக்குது சார்" என்றாளாம். பிள்ளைகள் அவளுக்கு 'ஆஸ்பத்திரி' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அவர் சிரிக்காமல் பின்னலை அவிழ்த்துத் தளர்த்திக் கட்டச் சொன்னார். என் மகளும் ஆரம்பத்தில் காட்டினாள். ஆடுசதை, கணுக்கால், பாதம். அதற்குத் தக்கபடி சுவரில் அவளுடைய கட்டம் ஏறவும் இறங்கவும் செய்தது.

அடுத்த வருஷம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் வந்தது. அவளுக்குப் பிளஸ் டூ. ஈஸ்டர் முடிந்து சில நாளில் மாநில அணிக்கான தேர்வு.

எங்கள் வீட்டில் தவக்காலம் என்றால் என் கணவர் ஒருசந்தி இருப்பார், ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை யாருக்கும் கறி, முட்டை கிடையாது. அந்த வருஷம் மகளும் ஒருசந்தி இருக்கிறேன் என்றாள். நான் விடவில்லை. முட்டை, கறி, வேகவைத்த மல்லாட்டை என்று கோச் வேளாவேளைக்குச் சொல்லி அனுப்பியிருக்கும்போது பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? கோச்சுக்கே அது தெரிந்திருந்தது. அவர் இந்து. ஆனால் யாருக்கு எப்போது விரதம் என்று கேட்டுவைத்துக்கொள்வார். ஆடியில் அம்மனுக்குக் காப்புக் கட்டிய பிள்ளைகளுக்குப் பாரத்தைக் குறைத்தார். தவக்காலம் பிறந்ததும் எங்கள் பிள்ளைகளிடமும் கேட்டார். "உங்கள்ள ஒருசந்தி யாரு?" என் மகள் உண்மையைச் சொன்னாள். "நா இல்ல சார். சாப்புடறேன்."

தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதன் பூசையில் மாதா கோயில் சாமியார் பிரசங்கம் வைத்தார். வயதானவர், எல்லாருக்கும் பிடித்தவர். கறியை விடுகிறோம், மீனை விடுகிறோம், ஈஸ்டர் அன்றைக்குச் சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிறோம், இந்த வருஷம் முணுமுணுப்பதை விட்டுப் பாருங்களேன் என்றார். குறை சொல்லாமல் நாற்பது நாள் இருந்து அதை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுங்கள் என்றார். வீட்டுக்குத் திரும்பும்போதே முடிவாகிவிட்டது. சாப்பாட்டுச் சண்டையும் தீர்ந்தது. அவள் சாப்பிடலாம், ஆனால் நாங்கள் மூன்று பேரும் குறை சொல்லக் கூடாது. சொன்னால் உடனே ஓர் 'அருள்நிறைந்த மரியே' செபம் சொல்ல வேண்டும்.

மறுநாளே என் கணவர் மாட்டிக்கொண்டார். குழம்பில் உப்பு மறந்துவிட்டேன். ஒரு வாய் வைத்தார். என்னைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"நா ஒன்னும் சொல்லல. உப்பு ஜாடி எங்க இருக்குன்னுதான் கேக்கறேன்."

"அதுவே கொறதான்பா. சொல்லு, அருள்நிறைந்த..."

"தகவல் கேக்கறது கொறயா?"

"மூஞ்சி சொல்லுதுப்பா!"

அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் அவர் ஒரு ஜெபமாலையே முடித்திருப்பார். பஸ் தாமதம், வெயில், தலைமை ஆசிரியர் என்று வாயைத் திறந்தபோதெல்லாம் மாட்டினார். நானும் மாட்டினேன். அவள் மட்டும் மாட்டவே இல்லை. "பாத்தியா, புள்ளகிட்ட கத்துக்கணும்" என்று அவர் என்னிடம் சொல்வார். பல வருஷங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் இவ்வளவு சிரிப்பு இருந்தது அந்த வாரங்களில்தான். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அவள் குப்புறப் படுத்துப் படிக்கிறவள். திடீரென்று சுவர்ப்பக்கம் திரும்பி, காலை மடக்கிச் சுருண்டு படுக்க ஆரம்பித்தாள். பரீட்சைக் களைப்பு என்று நினைத்தேன். தண்ணீர் வாளியை எடுக்கும்போது குனியாமல் முழங்காலை மடக்கி, மெதுவாக, ஒரு கல்யாணப் பெண்ணைப்போல இறங்கி எழுந்தாள். கோச் சொல்லிக்கொடுத்த முறை போலிருக்கிறது, எவ்வளவு ஒழுங்காகச் செய்கிறாள் என்று எண்ணிக்கொண்டேன். வாசற்படி நிலையைத் தாவித் தொடுவது நின்றுபோனது. பெரிய பெண்ணாகிவிட்டாள் என்று நினைத்தேன். பஸ்ஸில் குனிந்து கம்பியில் நெற்றியை வைத்துக்கொள்ள ஆரம்பித்ததும் அப்போதுதான். முன்னால் குனிந்தால் வலி கொஞ்சம் விடும் என்பது எனக்குப் பிறகு மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது.

கோச் ஒருநாள் என் அலுவலகத்துக்கே வந்தார். "அக்கா, டீம்லயே ஒரு வாரங்கூட எறக்காம ஏத்திக்கினு போறது இவளுக்கு மட்டுந்தான். எங்க வலிக்குதுன்னு கேட்டா எங்கயும் இல்ல சார்ங்கறா. ஒடம்பு கேக்குது அக்கா இவளுக்கு. தேர்வுல நிச்சயம் எடுப்பாங்க." பக்கத்து மேசைக்காரர்கள் கேட்கும்படி அவர் சொன்னது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுத்துச் சமைத்தேன்.

பெரிய வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை கோயிலுக்கு வெளியே நடந்தது. இயேசுவின் பாடுகளை நினைவூட்டும் பதினான்கு தலங்களில் ஒவ்வொன்றிலும் தரையில் முழந்தாளிட்டு, செபம் சொல்லி, எழுந்து, அடுத்த தலத்துக்கு நடக்க வேண்டும். நல்ல வெயில். பாதியில் ஒரு தலத்தில் எல்லாரும் எழுந்து பாட ஆரம்பித்தார்கள். என் பக்கத்தில் அவள் எழவில்லை. உருக்கமாகச் செபிக்கிறாள் என்று நானும் அவளுக்காக நின்றேன். கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் போயிற்று. அவளுடைய கை மட்டும் என் சேலையைப் பிடித்தது.

"ம்மா. எந்திரிக்க முடியல."

"கால் மரத்துப் போச்சா?"

"இல்லம்மா. முதுகு. ரொம்ப நாளா."

முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்த இடம் வெளுத்திருந்தது. அவளுடைய அப்பா ஓடிவந்து கையைக் கொடுத்துத் தூக்கியபோது அவள் வாயிலிருந்து வந்த சத்தத்தை நான் அதற்குமுன் கேட்டதில்லை. அவளை ஆட்டோவில் ஏற்றினோம். அங்கேயும் முன்னால் குனிந்து டிரைவர் சீட்டில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அப்போதுதான் பஸ் ஞாபகம் வந்தது.

"ஏன்டி சொல்லல? சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஈஸ்டர் முடிஞ்சதும் சொல்லலாம்னு இருந்தேம்மா."

பாண்டிச்சேரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். கீழ் முதுகு எலும்பில் இரண்டு பக்கமும் விரிசல். எலும்பு தன் இடத்திலிருந்து கொஞ்சம் முன்னால் நகர்ந்திருந்தது. வளர்கிற வயதில், தாவித் தாவி முதுகை வளைத்து அடிக்கிற ஆட்டத்தில், தோளில் பாரமும் ஏறும்போது சிலருக்கு இப்படி வரும் என்றார் மருத்துவர். "வலிச்ச மொத வாரமே ஆட்டத்த நிறுத்தியிருந்தா பெரும்பாலும் தானாக் கூடியிருக்கும். கொழந்த சொல்லலியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். என்ன பதில் சொல்வது? சொல்லாமல் இருந்ததைத்தான் நாங்கள் வீட்டில் மெச்சிக்கொண்டிருந்தோம் என்றா?

இனி ஆடக் கூடாது என்று அவளிடமே சொல்லிவிட்டார். தேர்வு முடியட்டும், அதுவரைக்குமாவது என்று அவள் கேட்டாள். அவர் முடியாது என்று தலையசைத்தார். ஈஸ்டர் அன்று காலையில் கோயில் மணி அடித்தபோது, இடுப்பில் பெல்ட்டைக் கட்டி அவளைப் படுக்கவைத்திருந்தோம். என் கணவர் ஒருசந்தியை முடிக்கச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்தார். உப்பு சரியாகத்தான் இருந்தது. சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

கோச் திண்டிவனத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தினமும் கேட்டனே அக்கா. ஒரு நாள்கூடக் கேக்காம வெயிட்டத் தொடவிட்டதில்லியே."

என் கணவர்தான் சாமியாரின் பிரசங்கத்தையும் வீட்டில் வைத்த விளையாட்டையும் சொன்னார். கோச்சுக்கு முதலில் புரியவில்லை.

"விரதமா சார்? விரதமான்னு கேட்டனே. இல்ல, சாப்புடறேன்னாளே."

"சாப்பாட்டு விரதம் இல்ல தம்பி."

கோச் உள்ளே போய்க் கட்டிலருகில் நின்றார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "நா கேட்டாச் சொல்றது கொற சொல்றதில்லியேம்மா" என்றார்.

"சொன்னா எறக்கிடுவீங்க சார்" என்றாள். "எறக்கச் சொல்லிக் கேக்கற மாதிரிதான அது."

அது பக்தியா, தேர்வுக்குள் பாரத்தை இறக்கிவிடுவார் என்ற பயமா? எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகக் கலந்துபோய், எது எது என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியாத வயது. அவளிடம் நான் அதைக் கேட்டதுமில்லை.

தேர்வில் கண்டாச்சிபுரத்துப் பெண்ணை எடுத்தார்கள். அவளும் அவளுடைய அம்மாவும் ஒரு பை மல்லாட்டையோடு எங்களைப் பார்க்க வந்தார்கள். அந்த அம்மா அன்றைக்கு உரக்கப் பேசவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து என் மகளின் பாதத்தைத் தடவிக்கொடுத்தார்.

"இது தும்மல் வந்தாக்கூட ஊரக் கூட்டும்மா. நா எத்தினி வாட்டி அடிச்சிருக்கேன், வாய மூடிக்கினு ஆடுடின்னு." தன் பெண்ணை ஒரு பார்வை பார்த்துவிட்டு என் மகள் பக்கம் திரும்பினார். "நீ இன்னாடி இப்டி மூச்சு காட்டாமப் பூட்ட? உன்கூடவே நின்னாளே இவ, இவகிட்டனா சொல்லக் கூடாதா?"

அந்தப் பெண் அழுதுகொண்டிருந்தாள். 'ஆஸ்பத்திரி' என்று அவளுக்குப் பெயர் வைத்ததே என் மகள்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. "நீ காட்டுனதுல பாதிய எனக்குக் குடுத்துருக்கலாம்டி" என்றாள் என் மகள். அந்த அறையில் அவளைத் தவிர யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. பெல்ட், மாத்திரை, சுடுநீர் ஒத்தடம். தபால் வழியில் பி.காம். படித்தாள். கல்யாணமும் ஆயிற்று. மருமகன் நல்ல பிள்ளை, திண்டிவனத்திலேயே இருக்கிறார்கள். ஒரு கடையில் கணக்கெழுதப் போனவள், நெடுநேரம் உட்கார முடியாமல் வேலையை விட்டுவிட்டாள். எப்படியிருக்கிறாய் என்று யார் கேட்டாலும் நல்லா இருக்கேன் என்பாள். எனக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை போய்விட்டது. அவள் நாற்காலியிலிருந்து எழும்போது தொடையில் கையை ஊன்றுகிறாளா, எவ்வளவு அழுத்தி ஊன்றுகிறாள் என்று பார்க்கிறேன். பார்ப்பதை அவள் பார்த்துவிட்டால் கையை எடுத்துவிடுகிறாள். பிறகு அவள் எழுவதைப் பார்க்க எனக்குத் தாங்காது.

போன வருஷம் விழுப்புரம் ரயில் நிலையத்தில், பாசஞ்சருக்கு நிற்கும்போது, ஒரு கூட்டம் பெண் பிள்ளைகளோடு கோச்சைப் பார்த்தேன். தலை நரைத்து, கொஞ்சம் பருத்திருந்தார். என்னைத் தெரிந்துகொண்டு, பிள்ளைகளை ஓரமாக உட்காரவைத்துவிட்டு வந்தார். எங்கேயோ போட்டிக்கு அழைத்துப் போகிறாராம். எதைப் பேசுவது என்று தெரியாமல் அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டேன். இப்பவும் தனித்தனியாகத்தான் எழுதுகிறீர்களா என்றேன்.

"தனித்தனியாத்தான் அக்கா. ஆனா எங்க வலிக்குதுன்னு கேட்டுட்டு அதோட விடறதில்ல. குனியச் சொல்லி, நிமிரச் சொல்லி, ஒத்தக் கால்ல நிக்கவெச்சுப் பின்னால வளையச் சொல்லிப் பாக்கறேன். மூஞ்சியப் பாக்கறேன். அப்புறந்தான் கம்பி."

ஒரு பெண் பெஞ்சில் குனிந்து ஷூ கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டே அவர் அவளையே பார்த்தார். அவள் கட்டி முடித்து நிமிர்ந்தபிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"அவ எப்டி இருக்கா அக்கா?"

"நல்லா இருக்கா சார். ஒரு கொறையும் இல்ல."

யோசிக்காமல் வந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு எதிரில் நிற்கிறவர் மனதைப் புண்படுத்துவானேன் என்று தோன்றியிருக்கலாம். அவர் தலையாட்டவில்லை. பிள்ளைகளைப் பார்க்கிற அதே பார்வையை என் முகத்தில் வைத்தார்.

"அவளும் இப்டித்தான் அக்கா சொல்லுவா."

பாசஞ்சர் வந்து நின்றது. ஜனங்கள் இடித்துக்கொண்டு ஏறினார்கள். நான் ஏறவில்லை. கைப்பையைப் பெஞ்சில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அவர் எதிரில் நின்றார். அவளால் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல உட்கார முடியாது என்றேன். மழைக்காலத்தில் இடது கால் மரத்துப்போகிறது என்றேன். பிரசவத்தில் அவள் வாயே திறக்கவில்லை, எவ்வளவு பொறுமையான பொண்ணு என்று நர்ஸுகள் மெச்சினார்கள், நான் வராந்தாவில் நின்று, கத்துடி, கத்துடி என்று கதவைத் தட்டினேன், என்னைப் பைத்தியம் என்று வெளியே அனுப்பிவிட்டார்கள் என்றேன். ரயில் போய்விட்டது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்புறம் அக்கா?"

"கொழந்தைய அவளால தரையிலேர்ந்து தூக்க முடியாது சார். அதுக்கும் தெரிஞ்சிபோச்சு. அம்மாகிட்ட போவணும்னா தானா நாற்காலி மேல ஏறி, நின்னுக்கினு, கைய நீட்டுது."